இ-ரீடர் வாங்கலாமா, பிரவுசரே போதுமா? - மின்னூல் வாசகர்கள் முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஆஃபர் சீசன் வந்தால் போதும், ஷாப்பிங் ஆப்பின் கார்ட்டில் ஒரு இ-ரீடர் போய் உட்கார்ந்துகொள்ளும். "இந்த வருஷமாவது நிறையப் படிக்கணும்" என்ற ஆசை ஒரு பக்கம். "17 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கறுப்பு வெள்ளை ஸ்கிரீனா? போன்ல பிரவுசரைத் திறந்தா அதே புத்தகம் வரப்போகுது" என்ற கணக்கு இன்னொரு பக்கம். வாங்கவும் மனமில்லாமல், கார்ட்டிலிருந்து நீக்கவும் மனமில்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர்.

இப்படி யோசிப்பவர்கள் பொதுவாக ஒப்பிட்டுப் பார்ப்பது திரை எத்தனை இன்ச், மெமரி எவ்வளவு, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பதைத்தான். ஆனால், முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள் வேறு மூன்று. என்ன படிக்கிறீர்கள்? எப்போது படிக்கிறீர்கள்? வாங்கிய புத்தகம் உண்மையில் யார் கையில் இருக்கிறது? இதில் மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. பின்னாளில் அதிகம் இழப்பு வருவதும் அதில்தான்.

இ-ரீடரில் அப்படி என்ன இருக்கிறது?

போன், லேப்டாப், டேப்லெட் திரைகள் எல்லாம் தானே ஒளிவிடுபவை. படம் மாறாமல் நின்றாலும், பின்னணியில் நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ திரை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜ் சீக்கிரம் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இ-ரீடரில் இருப்பது 'இ-இங்க்' எனப்படும் மின்மைத் திரை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் நடந்த ஆய்விலிருந்து பிறந்து, 1997-ல் தனி நிறுவனமாகத் தொடங்கப்பட்ட தொழில்நுட்பம் இது. திரைக்குள் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்னழுத்தம் கொடுக்கும் திசையைப் பொறுத்துக் கறுப்போ வெள்ளையோ மேலே வரும். எழுத்து உருவாகிவிடும்.

ஒருமுறை மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும். அதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் செலவாகிறது. ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓடுவதன் ரகசியம் இதுதான். அச்சுத்தாளைப் போல, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் எழுத்து தெரிகிறது. அதனால் நடுப்பகல் வெயிலில் போன் திரை மங்கிப்போகும் இடத்திலும் இ-ரீடர் தெளிவாக இருக்கும். இருட்டில் படிப்பதற்கு ஓரங்களில் சிறு விளக்குகள் உண்டு. அந்த வெளிச்சம் பக்கத்தின் மேல்தான் விழும்.

இந்தத் திரையோடு 2004-ல் சோனி நிறுவனம் ஜப்பானில் 'லிப்ரியே' என்ற கருவியைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்கப் பேசவைத்தது அமேசானின் கிண்டில். 2007 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்பனைக்கு வந்த முதல் கிண்டில், ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. இன்று பலர் இ-ரீடர் என்பதற்குப் பதிலாக 'கிண்டில்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ராக்குட்டன் நிறுவனத்தின் கோபோ போன்ற வேறு கருவிகளும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. துகள்கள் நகர நேரம் எடுப்பதால் திரை மெதுவாகத்தான் மாறும். ஸ்க்ரோல் செய்வது, ஜூம் செய்து இங்குமங்கும் நகர்த்துவது எல்லாம் பொறுமையைச் சோதிக்கும். முந்தைய பக்கத்தின் நிழல் சில நேரம் லேசாகத் தங்கும். கலர் திரையுள்ள மாடல்கள் வந்துவிட்டாலும், வண்ணங்கள் செய்தித்தாள் அச்சு போலத்தான் இருக்கும். கிண்டில் கலர்சாஃப்ட்டில் கறுப்பு வெள்ளை எழுத்து இன்ச்சுக்கு 300 புள்ளி என்றால், வண்ணப் படம் 150 புள்ளிதான்.

பிரவுசரில் படிப்பது என்றால்?

மின்னூல்களுக்கான பொது வடிவம் 'இ-பப்'. இதைத் திறந்து உள்ளே பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கும். உண்மையில் அது ஒரு குட்டி வலைத்தளம். வலைப்பக்கங்களை எழுதும் அதே எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிக் கட்டிய பொட்டலம். இந்த வடிவத்தைப் பராமரித்துவந்த அமைப்பு 2017-ல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யோடு இணைந்துவிட்டது. ஆக, மின்னூலைக் காட்டுவது பிரவுசருக்குப் புது வேலையே இல்லை.

அமேசான் 2011-லேயே 'கிண்டில் கிளவுட் ரீடர்' மூலம் பிரவுசரில் படிக்கும் வசதியைத் தந்தது. கூகுள் பிளே புக்ஸில் வாங்கிய புத்தகத்தை மட்டுமல்ல, சொந்தமாக வைத்திருக்கும் இ-பப், பிடிஎஃப் கோப்புகளையும் ஏற்றிவைத்து எந்தக் கணினியிலும் படிக்கலாம். ஓரெய்லி போன்ற தொழில்நுட்பப் புத்தகச் சந்தாத் தளங்களும் பிரவுசரிலேயே இயங்குகின்றன. 1971-ல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பெர்க், காப்புரிமை முடிந்த பல்லாயிரம் நூல்களை வலைப்பக்கமாகவே திறந்து தருகிறது.

இதன் பலம் வெளிப்படையானது. புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. ஆப் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். தெரியாத சொல்லை அடுத்த டேப்பில் தேடலாம். வண்ணப் படம், வரைபடம், கோடிங் பகுதி எல்லாம் அப்படியே தெரியும். ஆபீஸ் லேப்டாப்பில் மதிய இடைவேளையில் 4 பக்கம் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பலவீனமும் வெளிப்படையானதுதான். புத்தகம் திறந்திருக்கும் அதே ஜன்னலில்தான் மெயிலும், வாட்ஸ்அப் வெப்பும், கிரிக்கெட் ஸ்கோரும் திறந்திருக்கின்றன.

கண்ணுக்கும் தூக்கத்துக்கும் எது நல்லது?

"இ-ரீடர் கண்ணைக் கெடுக்காது, போன் கெடுத்துவிடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

எந்தத் திரையை உற்றுப் பார்த்தாலும் கண் சிமிட்டுவது குறையும். கண் காய்ந்து எரிச்சல் வருவதற்கு அது முக்கியக் காரணம். சின்ன எழுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடிப்பது, இருட்டறையில் கூசும் வெளிச்சம் ஆகியவை இதை மோசமாக்கும். இ-ரீடரில் கூச்சமும் பிரதிபலிப்பும் குறைவு, எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கம் அழகாக அடங்கும். அதனால் நீண்ட நேரம் படிப்பவர்களுக்கு அது இதமாக இருக்கிறது. ஆனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்வையை ஓட்டும் பழக்கம் எந்தத் திரைக்கும் தேவைதான்.

தூக்கம் பற்றி ஒரு தெளிவான சோதனை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பிரிகம் மகளிர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 12 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்துச் செய்த ஆய்வு, 2014 டிசம்பரில் வெளியானது. படுப்பதற்கு முந்தைய 4 மணி நேரம், 5 இரவுகள் ஐபேடிலும், 5 இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் அவர்கள் படித்தார்கள். ஐபேடில் படித்த இரவுகளில் தூக்கம் வரச் சராசரியாக ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஐபேடு முழு வெளிச்சத்தில், மங்கலான அறையில் வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து அரை மணி நேரம் போனில் படிப்பவருக்கும் அதே அளவு பாதிப்பு வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதேபோல், ஓர விளக்குள்ள இ-ரீடரை முழு வெளிச்சத்தில் வைத்துப் படித்தால் அதுவும் கண்ணுக்குள் போகும் ஒளிதான். இரவில் படிப்பவர்களுக்குப் பாடம் எளிது: கருவி எதுவானாலும் வெளிச்சத்தைக் குறையுங்கள். இ-ரீடரில் அதை மிகக் குறைவாக வைத்தும் வசதியாகப் படிக்க முடியும் என்பது அதன் உண்மையான சாதகம்.

கவனம் சிதறுவது திரையாலா, நோட்டிஃபிகேஷனாலா?

2000-க்கும 2017-க்கும் இடையே வந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து, 1,71,000-க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. தகவல் நிறைந்த கட்டுரை, பாடம் போன்றவற்றைத் திரையைவிடத் தாளில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடியது. ஆனால், கதை படிப்பதில் தாளுக்கும் திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

நாவல் படிப்பவர் திரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பரீட்சைக்கோ வேலைக்கோ ஆழமாகப் படிப்பவர் மட்டும், திரையில் வேகமாகக் கண்ணை ஓட்டிவிட்டு "படிச்சாச்சு" என்று நினைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

இ-ரீடரின் பெரிய பலம் அதில் எதெல்லாம் இல்லை என்பதில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கும் ஒருவர், மின்சார ரயிலில் போனைத் திறந்து ஒரு நாவலைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரோம்பேட்டைக்குள் ஒரு ஆபீஸ் மெசேஜ், பல்லாவரத்தில் ஒரு ரீல்ஸ், மீனம்பாக்கத்தில் ஒரு பேங்க் ஓடிபி. இறங்கும்போது படித்தது ஒன்றரைப் பக்கம். இ-ரீடரில் இவை எதுவும் வராது. இதே பலனைச் செலவில்லாமல் பெறவும் வழி உண்டு. புத்தகப் பக்கம் திறந்த பிறகு போனை 'டு நாட் டிஸ்டர்ப்' நிலைக்கு மாற்றினால் போதும். அதைத் தினமும் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

உங்கள் தமிழ்ப் புத்தகங்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன?

ஆங்கிலப் புத்தகம் மட்டும் படிப்பவருக்கு இந்தக் கேள்வி பெரிதாக வராது. தமிழ் வாசகருக்கு முதலில் வர வேண்டிய கேள்வியே இதுதான்.

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய 5 இந்திய மொழி மின்னூல்களைக் கிண்டிலில் அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு தமிழ்ப் பதிப்பகங்களும் எழுத்தாளர்களும் கிண்டில் பக்கம் வரத் தொடங்கினார்கள். இந்தப் புத்தகங்கள் இ-ரீடரில் சிக்கலின்றித் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

இலவச நூல்களில் முன்னோடி 'மதுரைத் திட்டம்'. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. சங்க இலக்கியத்திலிருந்து, நாட்டுடைமையான கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வரை அங்கே உண்டு. பெரும்பாலானவை தட்டச்சு செய்யப்பட்டு, யூனிகோடு வலைப்பக்கங்களாகவே கிடைப்பதால் பிரவுசரில் நேரடியாகப் படிக்கலாம். 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' தளத்தில், எழுத்தாளர்களே பகிர அனுமதித்த நூல்கள் இ-பப் வடிவிலும், 6 இன்ச் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்பிலும் கிடைக்கின்றன.

சிக்கல் தொடங்குவது அடுத்த வகையில். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் 'நூலகம்' தளம் போன்றவற்றில் அரிய பழைய நூல்களும் இதழ்களும் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதாவது, ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, முழுப் பக்கத்தையும்தான் பெரிதாக்க வேண்டும். 6 இன்ச் இ-ரீடரில் இதைத் திறந்தால் எழுத்து எறும்பு வரிசை போலத் தெரியும். ஜூம் செய்து நகர்த்தினால், மெதுவான திரை ஒவ்வொரு அசைவுக்கும் தடுமாறும்.

பள்ளிப் பாடநூல்கள், என்.சி.இ.ஆர்.டி. பிடிஎஃப்புகளை வைத்துப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். பெரிய பக்கம், கலர் வரைபடம், அட்டவணை. இவற்றுக்கு 10 இன்ச் டேப்லெட் அல்லது லேப்டாப் பிரவுசர்தான் சரி. "படிப்புக்கு உதவும்" என்று நம்பிச் சின்ன இ-ரீடர் வாங்கி, ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

இன்னொரு சின்னச் சோதனையும் அவசியம். தமிழில் 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினிக்குள் அது மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. 'கொ' என்றால் முன்னும் பின்னும் இரண்டு துண்டு. இவற்றைச் சரியான இடத்தில் பொருத்துவது கருவியில் உள்ள மென்பொருளின் வேலை. இன்றைய போன் பிரவுசர்கள் இதைப் பிசகில்லாமல் செய்கின்றன. ஆனால் எல்லா இ-ரீடர்களிலும், எல்லாக் கோப்புகளிலும் அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால் நாலு பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. அதுபோல, யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை அப்படியே மின்னூலாக மாற்றினால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

வாங்கிய புத்தகம் யாருடையது?

இனி, யாரும் அதிகம் கேட்காத அந்த மூன்றாவது கேள்வி.

2009 ஜூலையில் அமெரிக்காவில், கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியிருந்த இரண்டு புத்தகங்கள் வாசகர்களின் கருவிகளிலிருந்து திடீரென்று காணாமல் போயின. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. மக்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலே இப்படிக் காணாமல் போனது பெரும் பேச்சானது. அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

புத்தகத்துக்குப் பணம் வந்துவிட்டது. ஆனால் மிச்சிகன் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், வகுப்புப் பாடத்துக்காக '1984' நாவலில் எழுதிவைத்திருந்த குறிப்புகள் எதற்கும் உதவாமல் போயின. எந்த வரிக்கு எழுதிய குறிப்பு என்று சொல்ல அந்த வரியே இல்லையே! வழக்கு நடந்து, 1,50,000 டாலரில் சமரசம் ஆனது.

"அப்போ கருவிதான் ஆபத்து, பிரவுசர் பாதுகாப்பு" என்று நினைத்தால், சரியாக 10 ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் கடையில் விற்ற மின்னூல்களைத் தன்னுடைய எட்ஜ் பிரவுசரில் படிக்கவைத்தது. 2019 ஏப்ரலில் அந்தப் புத்தகக் கடையை மூடுவதாக அறிவித்தது. ஜூலையில் வாங்கிய புத்தகங்கள் அத்தனையும் மறைந்தன. பணம் முழுதும் திரும்பியது. புத்தகங்களில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிரெடிட். வருஷக்கணக்கில் எழுதிய குறிப்புகளின் விலை அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

சீனாவில் கிண்டில் மின்னூல் கடை 2023 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றும் பழைய வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. புத்தகத்தைத் தன் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைக்க வாசகர்களுக்கு இருந்த வழி அது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். 'பை நவ்' பட்டனை அழுத்தும்போது பெரும்பாலும் வாங்குவது புத்தகத்தை அல்ல, அதைப் படிக்கும் அனுமதியை. இதை மறைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, அனுமதியை மட்டும் விற்கும் நிறுவனம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. மாதச் சந்தாவில் படிப்பவர்களுக்கு நிலைமை இன்னும் நேரடியானது. சந்தாவை நிறுத்தினால் புத்தகமும் போய்விடும்.

பிரவுசரில் 'ஆஃப்லைன்' சேமித்தால் போதுமா?

பிரவுசர் வாசகர்கள் பலர் தெரியாமல் விழும் பள்ளம் இது. "ஆஃப்லைனில் படிக்கச் சேமிக்கவும்" என்று தளம் கேட்கும். அழுத்தினால் புத்தகம் போனுக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது இருப்பது டவுன்லோடு ஃபோல்டரில் அல்ல, பிரவுசரின் உள் சேமிப்பில்.

போன் மெமரி நிறைந்துவிட்டது என்று 'கிளியர் பிரவுசிங் டேட்டா'வில் தளங்களின் தரவையும் சேர்த்து அழித்தால், புத்தகமும் சேர்ந்து போகும். ஐபோன் சஃபாரியில் 2020 முதல் இன்னொரு விதி உண்டு. பிரவுசரைப் பயன்படுத்திய நாட்களில் 7 நாள் வரை ஒரு தளத்தின் பக்கமே போகவில்லை என்றால், அந்தத் தளம் சேமித்து வைத்தது தானாக நீக்கப்படும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த வெப் ஆப்களுக்கு இது பொருந்தாது. இன்காக்னிட்டோவில் திறந்தால் ஜன்னலை மூடியதும் எல்லாம் போய்விடும். சில சின்ன ரீடர் தளங்கள் புக்மார்க், குறிப்புகளையும் கணக்கில் சேமிக்காமல் பிரவுசரிலேயே வைக்கின்றன. அவையும் இதே வழியில் போகும்.

ஆபீஸ் லேப்டாப்பில் படிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வேலை மாறும் நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் சேமித்த கோப்புகளும் அதோடு போகும்.

காசு கணக்கு என்ன சொல்கிறது?

7 இன்ச் கிண்டில் பேப்பர்வைட் 2025-ல் இந்தியாவில் அறிமுகமானபோது விலை 16,999 ரூபாய். 250 ரூபாய் விலையுள்ள அச்சுப் புத்தகம் என்று வைத்தால் அது 68 புத்தகங்களின் விலை. மாதம் 2 புத்தகம் படிப்பவருக்கு ஏறக்குறைய 3 வருட வாசிப்பு.

"இ-புக் விலை குறைவு, அதில் மிச்சம் பிடித்துவிடலாம்" என்பார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு புத்தகத்துக்கு 100 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். போட்ட பணத்தை எடுக்க 170 புத்தகம் படிக்க வேண்டும். மாதம் 2 என்ற வேகத்தில் 7 வருஷம். பெரும்பாலான இ-இங்க் திரைகள் கண்ணாடித் தகட்டின் மேல் அமைந்தவை என்பதால், பையில் நசுங்கினால் அதற்குள்ளேயே கதை முடிந்துவிடலாம்.

எனவே, மிச்சம் பிடிப்பதற்காக இ-ரீடர் வாங்குவது சரியான காரணம் அல்ல. வசதிக்காக, கண்ணுக்காக, இடையூறு இல்லாத ஒரு மணி நேரத்துக்காக வாங்கலாம். அதற்கு அந்த விலை தகுமா என்பது அவரவர் வாசிப்பைப் பொறுத்தது.

யாருக்கு எது பொருந்தும்?

* நாவல், சிறுகதை, கட்டுரைத் தொகுப்பு என்று பக்கம் பக்கமாகப் படிப்பவர். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் படிப்பவர். பயணத்திலும் படுக்கையிலும் படிப்பவர்: இ-ரீடர் பலன் தரும்.

* ஸ்கேன் பிடிஎஃப், பாடநூல், ஆய்வுக் கட்டுரை, கோடிங் புத்தகம், காமிக்ஸ் படிப்பவர்: பெரிய திரையில் பிரவுசர்தான்.

* மதுரைத் திட்டம் போன்ற இலவசத் தளங்களில் அவ்வப்போது படிப்பவர்: பிரவுசரே போதும். எழுத்தைப் பெரிதாக்கி, 'ரீடர் மோடு' இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

* இரண்டும் கலந்து படிப்பவர்: ஒரே கடையின் கருவியும் வலை வசதியும் பக்க எண்ணை ஒத்திசைத்துக்கொள்ளும். இரவில் கருவி, பகலில் பிரவுசர் என்று தொடரலாம்.

* வயதான பெற்றோருக்கு வாங்க நினைப்பவர்: எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்பதால் இ-ரீடர் நல்ல பரிசு. ஆனால் அவர்கள் விரும்பும் புத்தகங்கள் ஸ்கேன் வடிவில் மட்டுமே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டிய மூன்று

ஒன்று, பூட்டு இல்லாத கோப்பாகக் கிடைக்கும் புத்தகத்தை அப்படியே எடுத்து, சொந்த ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இ-பப் கோப்பு கையில் இருந்தால், நாளை எந்தக் கருவி வந்தாலும் அதில் திறக்க வழி இருக்கும். கிண்டிலும் 2022 முதல், 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பும் இ-பப் கோப்புகளை ஏற்கிறது.

இரண்டு, குறிப்புகளை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துவையுங்கள். கிண்டில் கருவியை யு.எஸ்.பி.யில் இணைத்தால் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் அடிக்கோடிட்டவை இருக்கும். அதை காப்பி செய்துவிட்டால் போதும். புத்தகத்தை மறுபடி வாங்கிவிடலாம். எழுதிய குறிப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மூன்று, மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கும் புத்தகம் என்றால் அச்சுப் பிரதியே வாங்கிவிடுங்கள். அதை எந்த நிறுவனத்தாலும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.

வாங்கும் முன் 14 நாள் சோதனை

இன்னமும் முடிவு வரவில்லையா? கார்ட்டில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். உண்மையிலேயே படிக்க ஆசைப்படும் ஒரு புத்தகத்தை எடுத்து, 14 நாட்கள் போன் பிரவுசரில் படித்துப் பாருங்கள். தினமும் அதே நேரம், அரை மணி நேரம். எத்தனை பக்கம் போனது, எதனால் நிறுத்தினீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

புத்தகம் முடிந்துவிட்டால் பிரவுசரே போதும், பணம் மிச்சம். கண் எரிச்சலாலும் நோட்டிஃபிகேஷனாலும்தான் பெரும்பாலும் நிறுத்தினீர்கள் என்றால், இ-ரீடர் அந்தச் சிக்கலைத் தீர்க்கும். எழுத்து சின்னது, ஜூம் தொல்லை என்றால் உங்களுக்குத் தேவை பெரிய திரை. "மூட் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற வரிதான் அதிகம் இருக்கிறது என்றால், எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த 17 ஆயிரத்தில் பக்கத்துக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, மீதியைப் பத்திரமாக வைத்திருப்பது உத்தமம்.